ஏட்டில் ஏறிய மதம்

மதம் மனத்தைப் பொறுத்தது என்பர். மனத்தைப் பொறுத்ததுதான் என்றால் அதற்கொரு பேரேடு எதற்கு? பேரேட்டுக்கு ஒரு காவலர் எதற்கு? நம் நாட்டில் அந்தக் காவலர் ஒருவரல்லர், மூவர்! சேகரத்தின் குருவானவரிடம் ஓர் ஏடு. குடிக்கணக்கு எடுக்கும் அரசிடம் ஓர் ஏடு. சாதிச் சான்று வழங்கும் வட்டாட்சியரிடம் மற்றோர் ஏடு. மூன்றிலும் ஒரே மனிதனின் பெயர் இருக்கிறது. மூன்றிலும் அவன் ஒரே ஆளாக இருக்கிறானா என்பதுதான் நாம் இங்கே கேட்க விரும்பும் கேள்வி. மேற்குமலை அடிவாரத்தில், பூலித்தேவன் வாளேந்திய நெற்கட்டும்செவலுக்கு அருகே, வாசுதேவநல்லூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணமுண்டு. அதைக் கூறுமுன், ஒப்பு நோக்குவதற்காகக் கடல் கடந்து ஒருமுறை சென்று வருவோம்.

அமெரிக்க நாட்டில் 'கவுண்டி' என்றொரு ஆட்சிப் பகுதி உண்டு. நம் மாவட்டம் போன்றது. பல இடங்களில் அதைவிடச் சிறியது. சோளக் கொல்லைகளுக்கு நடுவே சில ஆயிரம் மக்கள் வாழும் ஒரு கவுண்டியிலும் மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, லூத்தரன், கத்தோலிக்கர் என்று பல கோயில்கள் நிற்கும். எந்தக் கோயிலுக்கு எத்தனை உறுப்பினர் என்று அந்நாட்டு அரசைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லும். 1906 முதல் 1936 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை அரசின் கணக்கெடுப்புத் துறை விசாரித்ததுண்டு. அப்போதும் மனிதனைக் கேட்கவில்லை, கோயில்களைத்தான் கேட்டது. 1946-இல் தொடங்கிய கணக்கு பணமின்றி நின்றது. 1976-இல், ஒருவரின் மதத்தைச் சொல்லும்படி கணக்கெடுப்பில் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இயற்றிவிட்டார்கள். 1952 முதல் சபைகளே கூடித் தங்கள் கணக்கைத் தாங்களே கவுண்டி வாரியாகத் தொகுத்து வெளியிடுகின்றன. அந்த வரிசையில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கும் வந்தது.

அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை. தொட்டிலில் கிடக்கும் குழவிக்கு நீர் தெளித்து உறுப்பினராக்கும் சபையும் உண்டு. வயது வந்து தானே வந்து மூழ்கி எழுந்தால்தான் உறுப்பினர் என்னும் சபையும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதால் 'உறுப்பினர்' என்று ஒரு பத்தி, குழந்தைகளையும் வந்து போவோரையும் சேர்த்துச் 'சார்ந்தோர்' என்று மற்றொரு பத்தி. சில கவுண்டிகளில் சார்ந்தோர் தொகை, குடியிருப்போர் தொகையையே மிஞ்சி நிற்கிறது! பக்கத்துக் கவுண்டிக்காரர் இங்கே தொழ வருவதும், பழைய பெயரை ஏட்டிலிருந்து அடிக்காமல் விடுவதும் சேர்ந்து செய்யும் மாயம் அது. சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஏனெனில் அங்கே மெதடிஸ்டு ஏட்டில் இருந்து பாப்டிஸ்டு ஏட்டுக்கு மாறியவன், கல்லூரி இடத்தையோ தேர்தலில் நிற்கும் உரிமையையோ இழப்பதில்லை.

அந்நாடு தூய்மையான நாடு என்று சொல்ல வரவில்லை. வெள்ளையர் கோயில் வேறு, கறுப்பர் கோயில் வேறு என்று பிரித்து வைத்த நாடு அது. பிலடெல்பியா நகரில் வெள்ளையர் கோயிலில் இழிவுபட்ட கறுப்பின மக்கள், ரிச்சர்டு ஆலன் தலைமையில் 1816-இல் தங்களுக்கென்று ஒரு மெதடிஸ்டு சபையையே தனியே நிறுவிக்கொண்டார்கள். அதுபோல் ஒரு நிகழ்ச்சி நம் திருநெல்வேலிச் சீமையிலும் நடந்தது. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

நம் சீமையின் சீர்திருத்தச் சபை வரலாறு, பொருத்தமாகவே, ஓர் ஏட்டில் தொடங்குகிறது. 1780-இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேடு அது. மொத்தம் 40 பெயர்கள், பல சாதியினர். தலைப்பில் நிற்கும் பெயர் குளோரிந்தா. பார்ப்பனக் குலத்தில் பிறந்து, கணவனை இழந்து, ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருடன் வாழ்ந்த பெண். அந்த வாழ்வைக் காரணம் காட்டி, சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார்; அதிகாரி மறைந்த பின் 1778-இல் கொடுத்தார். அந்த அம்மையார் எழுப்பிய கோயில் 1785-இல் திறக்கப்பட்டது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட வேண்டியவள் என்று ஒரு சமூகம் தீர்ப்பளித்த பெண், மற்றொரு சமூகத்தின் ஏட்டில் முதல் வரியாக நிற்கிறாள்! பகுத்தறிவாளர்களாகிய நாம் ஞானஸ்நானத்தின் மகிமையை ஒப்புவதில்லை. ஆனால் அந்த முதல் வரியின் பொருளை ஒப்பாமல் இருக்க முடியாது.

ஆனால் சபை வளர்ந்தது பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் அன்று. தென்கிழக்கே, செம்மணல் தேரியில், பனைமரக் காட்டில் வளர்ந்தது. ஆண்டின் பாதி நாள் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறி, மீதி நாள் கடனில் மூழ்கி, கோயில் வாசலைக் கூட மிதிக்க விடாமல் தள்ளி வைக்கப்பட்டிருந்த நாடார் மக்களிடையே வளர்ந்தது. அவர்களில் ஒருவரான தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரே அங்கே முதல் விதை ஊன்றியவர். மதம் மாறியவர்களின் குடிசைகள் தாக்கப்பட்டபோது, அடைக்கலமாக ஒரு துண்டு நிலத்தை வாங்கி 1799-இல் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். முதலாவது ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர். பின்னர் 1820-இல் வந்த இரேனியுஸ் ஐயர், நிலம் வாங்கிக் குடியேற்றும் அந்த முறையை ஒரு சங்கமே வைத்து நடத்தினார். தமிழில் 'பூமி சாஸ்திரம்' எழுதி 1832-இல் அச்சிட்டவரும் அவரே என்பதைப் பள்ளி ஆசிரியர்கள் என்ற முறையில் நன்றியோடு குறிப்பிட வேண்டும். டோனாவூர், நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று வரைபடத்தில் புதுப் பெயர்கள் முளைத்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊர்களில் மதம் மாறியது தனி மனிதனல்லன், ஊர். கூடி முடிவெடுத்தார்கள், கூடிச் சேர்ந்தார்கள். மனக்கசப்பு வந்தால் கூடியே வெளியேறினார்கள். அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர், கடலில் தமக்குப் போர்ச்சுகீசியர் துணை வேண்டி, ஊர் ஊராகக் கத்தோலிக்கர் ஆனார்கள். சவேரியார் 1542-இல் வந்தது அதற்குப் பிறகுதான். ஆன்ம ஈடேற்றத்துக்காக மட்டுமே நடந்த மாற்றங்கள் இவை என்று பாதிரிமாரும் நம்பியதில்லை. மிராசுதாரின் கொடுமைக்கு எதிராக மனு எழுத ஓர் ஆள், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், குடியிருக்க ஒருவர் பிடுங்க முடியாத மனை! இவற்றை வேண்டிய மக்களைப் பார்த்து 'அரிசிக் கிறித்தவர்' என்று ஏளனம் செய்தார்கள் பலர். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டை எரித்தபோது பல்லாயிரவர் சபைகளில் சேர்ந்ததும், பஞ்சம் தணிந்தபின் ஒரு பகுதியார் விலகியதும் உண்மையே. பசித்தவன் சோறு கிடைத்த இடத்துக்குப் போனான் என்று நகைக்கும் வைதிகரைக் கேட்கிறோம்: அவன் பசித்தபோது உங்கள் கோயில் மடைப்பள்ளி யாருக்காகப் புகைந்துகொண்டிருந்தது?

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1840-களில் 'விபூதிச் சங்கம்' என்ற பெயரில் ஒரு கூட்டம் எழுந்தது. 1845-இல் அது கிறித்தவ ஊர்களில் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. திருநீறு பூசிய சங்கத்துக்குத் திருடும் வேலை எதற்கு என்று கேட்பாரில்லை.

சேர்ந்தவர்களைச் சபை எப்படி எண்ணியது? அங்கும் படிநிலைதான். ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்போர் ஒரு வரிசை. ஞானஸ்நானம் பெற்றோர் ஒரு வரிசை. திருவிருந்தில் பங்குபெற உரிமையுள்ளோர் மேல் வரிசை. அமெரிக்கக் கவுண்டியின் இரண்டு பத்திகள் நம் தேரிக்காட்டில் மூன்றாக நின்றன! இன்றும் சேகரத்து ஏட்டில் பெயர் நிலைக்க வேண்டுமானால் சங்கக் காணிக்கை கட்டவேண்டும். கட்டாதவருக்குத் திருமண்டலத் தேர்தலில் வாக்கில்லை. அடுப்பில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுச் சேர்த்த பெண்களின் காணிக்கையால் எழுந்த கோயில்கள் எத்தனை! அசனப் பண்டிகையில் ஊரே ஒரு பந்தியில் அமர்ந்து உண்பதை நாம் கண்டிருக்கிறோம். சமபந்தி போசனத்தை மேடைபோட்டு நடத்த வேண்டியிருந்த நாட்டில் அது சிறிய செய்தியன்று.

நம் மேற்கு வட்டாரத்தில் மட்டும் இந்த ஏடு மெலிந்தே இருந்தது. சுரண்டை, நல்லூர் போன்ற ஊர்களில் சபைகள் வேரூன்றின என்பது மெய். ஆனால் சங்கரன்கோவில், சிவகிரிப் பக்கம் தேரிக்காட்டைப் போன்ற பெருக்கில்லை. 1854-இல் இராக்லண்டு ஐயர் சிவகாசியை நடுவாக வைத்துக்கொண்டு, கூடாரம் சுமந்து வடதிருநெல்வேலிச் சிற்றூர்களெல்லாம் அலைந்தார். நான்கே ஆண்டுகளில், 1858-இல், அங்கேயே மாண்டார். உழைப்புக்கேற்ற அறுவடை இல்லை. ஏன்? தெற்கே ஒரே தொழில் செய்யும் ஒரே மக்கள் ஊர் ஊராக நெருங்கி வாழ்ந்தனர். வடமேற்கே சமீனும் பாளையமும் ஆண்டன. நிலமற்றவன் சிதறிக் கிடந்தான். அவனிடமிருந்து ஊரே சேர்ந்து வரும் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியவில்லை. வடபகுதி நாடார்களோ வணிகத்தில் முன்னேறித் தங்கள் உறவின்முறை அமைப்பால் தங்களைத் தாங்களே தூக்கி நிறுத்திக்கொண்டார்கள். ஆண்டவன் அருள் தெற்கே அதிகம் பொழிந்தது என்பதைவிட இந்த விளக்கம் நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் கிறித்தவர்; தமிழ்நாடு முழுமைக்கும் 6 பேர்; கன்னியாகுமரியிலோ 46-க்கும் மேல். இந்த எண்கள் ஏறி இறங்கும் இடங்களைத் தொடர்ந்து பார்த்தால், எந்தச் சாதி எங்கே எவ்வளவு ஒடுக்கப்பட்டது, எங்கே ஒன்றுகூட முடிந்தது என்பதன் வரைபடமே தென்படும்.

சாதியை விட்டுத்தான் வந்தார்கள். சாதி அவர்களை விட்டதா?

கால்டுவெல்லைத் திராவிடத்தின் பெருமையை உலகறியச் செய்தவர் என்று போற்றுகிறோம். 1856-இல் வந்த அவர் ஒப்பிலக்கணத்தை நாம் மறக்க மாட்டோம். ஆனால் அவரே 1849-இல், தம்மைச் சுற்றியிருந்த நாடார் மக்களைத் தாழ்த்திச் சித்திரித்து ஒரு சிறுநூல் எழுதினார். தம் ஏட்டில் உறுப்பினர். தம் நூலிலோ நாகரிகமற்றோர்! நாசரேத்தைச் சேர்ந்த சட்டம்பிள்ளை என்னும் அருமைநாயகம் கொதித்தெழுந்தார். வெள்ளைக்காரச் சங்கங்களின் பணமும் வேண்டாம், பாதிரியின் தலைமையும் வேண்டாம் என்று 1857-இல் பிரகாசபுரத்தில் ஒரு தனிச் சபையைக் கண்டார். பைபிளை விடவில்லை, பாதிரியை விட்டார். ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமையை ஓய்வு நாளாக்கினார். பிலடெல்பியாக் கறுப்பினத்தார் செய்ததை, அவர்களைப் பற்றிக் கேட்டிருக்க வழியில்லாத தேரிக்காட்டுத் தமிழர் செய்தார். இந்த வீரத்தை நம் மாணவர் படிக்கும் பாடநூலில் தேடிப் பாருங்கள்!

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். 1872-இல் கட்டிய கோயிலின் வடிவமே சாதியின் வடிவம். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார்; நடுவே சுவர். பூசை செய்பவர் இருபுறமும் தெரிவார். தொழுவோர் ஒருவருக்கொருவர் தெரியார்! கௌசானல் பாதிரியார் 1910-இல் அந்தச் சுவரை இடித்தார். வேளாளக் கிறித்தவர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தோற்றது. கிறித்தவனாகிவிட்ட பின் சாதி உரிமை என்று ஒன்றைக் கோயிலுக்குள் கேட்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு! ஆனால் கிறித்தவனானால் சாதி போய்விடுகிறது என்ற இதே வாக்கியம் பிறகு எவன் கழுத்தில் கயிறாக விழுந்தது என்பதைப் பாருங்கள்.

1936-இல் வெள்ளை அரசு தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வெளியிட்டது. இந்தியக் கிறித்தவர் எவரும் அதில் சேர்த்தி இல்லை என்று எழுதியது. ஞாயிறுதோறும் தொழுத அந்த அரசே எழுதியது! விடுதலைக்குப் பின், 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் வந்த குடியரசுத் தலைவர் ஆணையும், இந்து அல்லாதவன் தாழ்த்தப்பட்டவன் ஆகான் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவனுக்கும் முசுலிமுக்கும் திறக்கவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறித்தவத் தொழிலாளி ஒருவர், அதே தெருவில் அதே தொழில் செய்யும் இந்துத் தோழருக்குக் கிடைத்த உதவி தமக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. ஊசியும் தோலும் தெருவும் ஆதாரமாகவில்லை.

இதனால் ஒரே கோயிலில் ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இருவர் நிலை என்னவாயிற்று? நாடார் கிறித்தவர் தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். இந்து நாடாரும் பிற்படுத்தப்பட்டோர். ஏடு மாறினாலும் அவருக்கு இழப்பில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பள்ளர் அல்லது பறையர் குலத்தில் பிறந்தவரானால், ஞானஸ்நானத்தோடு தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலிருந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குத் தள்ளப்படுகிறார். தனித்தொகுதி இல்லை, ஒதுக்கீட்டின் அந்தப் பங்கு இல்லை. சேரியில் அவர் வீடு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. ஆக, ஒரே நீரைத் தெளித்தாலும் விலை வேறு வேறு! எவன் மிகவும் தாழ்த்தப்பட்டிருக்கிறானோ அவனிடமே மிக அதிக விலை கேட்கிறது சட்டம். அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஞாயிறன்று ஒரு பெயர், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு பெயர். சேகரத்து ஏட்டில் கிறித்தவன், சான்றிதழில் இந்து.

இதை ஏமாற்று என்கிறார்கள். 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குச் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் இந்துவென்று சாதிச் சான்று கேட்ட வழக்கில், நம்பிக்கையின்றி ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின்மீதே செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மனத்துக்குள் இருப்பதை நீதிமன்றம் எந்த அளவுகோலால் அளந்தது? நம்பிக்கையே இல்லாமல் இந்துவென்று எழுதிக்கொள்ளும் நாத்திகத் தோழர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களை எந்த நீதிமன்றமும் அழைத்து விசாரித்ததில்லை. 2007-இல் இரங்கநாத் மிசுரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் உரிமை வழங்கத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் சென்னையில், அதிகாரம் தில்லியில்.

மலையடிவாரத்து மீனாட்சிபுரத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பண்பொழிக்கு அருகே, இன்று நமது தென்காசி மாவட்டத்தில் உள்ள சிற்றூர். 1981 பிப்ரவரி 19-ஆம் நாள் ஏறத்தாழ 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவின. படித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. படித்தும் பதவி பெற்றும் போகாத இழிவு இந்த வழியிலாவது போகுமா என்று பார்த்தார்கள். நாடே அலறியது, வாச்பாய் உள்ளிட்ட தலைவர்கள் நேரில் வந்தார்கள். அந்த மக்கள் ஊர்த் தெருவில் நடக்க முடியாமல் நின்ற ஆண்டுகளில் வராத தலைவர்கள், அவர்கள் ஏடு மாறியதும் வந்தார்கள்!

இனி, வாசுதேவநல்லூரிலிருந்து இதைக் கேட்பதன் காரணம். எங்கள் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. தாழ்த்தப்பட்டோர் மட்டுமே நிற்கலாம். எங்கள் ஊர்ச் சேரியில் பிறந்து, அந்தச் சேரியின் துயரத்தையே வாழ்நாளெல்லாம் சுமந்த ஒருவர், சேகரத்து ஏட்டில் பெயர் எழுதிக்கொண்டால், அந்தச் சேரியின் பெயரால் ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்க முடியாது. வாக்களிக்கலாம், நிற்கக் கூடாது.

பள்ளியில் மாணவரைச் சேர்க்கும்போது சாதி, மதம் என்னும் கட்டங்களை வெறுமையாக விட விரும்பினால் விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973-லேயே ஆணையிட்டது. தோழர்கள் பலருக்கு இது தெரியாது. தலைமையாசிரியர் சிலருக்கும் தெரியாது. உதவியே வேண்டாத குடும்பம் கட்டத்தை எளிதில் வெறுமையாக விடும். வேண்டியிருக்கும் குடும்பம் எப்படி விடும்? பெற்றோர் நம் முன் நின்று, எதை எழுதினால் பிள்ளைக்கு நல்லது என்று நம்மையே கேட்கிறார்கள்.

2027-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சாதியையும் கேட்பதாக 2025-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. 1931-க்குப் பின் எல்லாச் சாதியையும் எண்ணும் கணக்கு அது. முந்தைய கணக்குகளின் படிவத்தில், இந்து, சீக்கியர், பௌத்தர் என்று சொன்னவருக்கே தாழ்த்தப்பட்டோர் என்று குறிக்க இடமிருந்தது. இந்தக் கணக்குக்கு வீடு வீடாகச் செல்பவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே. சுவரில் சிலுவை தொங்கும். மேசைமீது பைபிள் இருக்கும். மதம் என்ன என்று கேட்டால், வீட்டுக்காரர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு 'இந்து' என்பார். சொன்னதை எழுதவேண்டும் என்பதே எண்ணுவோருக்குரிய விதி. எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.